மொட்டைக் கோபுரத்துக்குப் பூஜ்யம்

துறையூர்ப் பக்கம் போனால் பெரிய அரிசி ஆலை ஒன்றின் மேற்கூரையைப் பாருங்கள். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அது நான் போட்டது. படித்த இரண்டு பேர் முடியாது என்று கை விரித்துவிட்டுப் போன வேலை. கொள்ளிடக் கரையில் வெள்ளத்துக்கு அசையாமல் நிற்கிற தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்கள் நான் நிறுத்தியவை. அரியமங்கலத்தில் வாடகைக் கொட்டகையில், கடன் வாங்கிய ஒரு வெல்டிங் மெஷினோடு ஆரம்பித்தேன். இன்று அதே தெருவில் என் பட்டறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இருக்கிறது. எட்டாவதில் தவறியவன் நான். வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரும்பு விலை ஏறியபோதும், கூட்டாளி ஏமாற்றியபோதும், கொட்டகை தீப்பிடித்தபோதும் எடுத்த வேலையைப் பாதியில் விட்டதில்லை. இது பெருமை இல்லை, நடந்தது.

கைலாசபுரத்து மாடல் கிளப்பின் இப்போதைய செயலாளர் என் பேத்தி வயதுப் பெண். மரியாதையாகப் பேசுவாள். இந்த வருஷப் போட்டிக்குக் கோப்பைகளெல்லாம் என் பட்டறையில் செய்து தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அதற்கு நன்றி சொல்லப் போன் செய்தவள், "ஐயா, விழா மலருக்கு உங்க சின்ன வயசு நினைவு ஒண்ணு எழுதிக் குடுங்க. பிள்ளைங்க படிக்கிற மாதிரி, சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள். எழுதுகிறேன். சந்தோஷமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். எழுத்துப் பிழையைத் திருத்தப் பேரனிடம் கொடுத்திருக்கிறேன். கோபத்தில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பா ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு மொட்டைக் கோபுரம் என்றால் தெரியாது. இப்போது பதின்மூன்று நிலையோடு வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறதே ராஜகோபுரம், அது என் சின்ன வயதில் அப்படி இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா ஆரம்பித்துக் கல்வேலையோடு நின்றுபோனது. அடியில் பஸ்ஸே நுழைந்து போகிற அகல வாசல், மலை மாதிரிக் கல், அதற்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் ஆகாயம். தலையில் புல்லும் ஓர் அரசங்கன்றும் முளைத்திருக்கும். நாங்கள் அதன் நிழலில்தான் பஞ்சர் ஒட்டினோம். எனக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை. கோபுரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, கைலாசபுரத்துப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் கிரைண்டராக இருந்தார். இரும்பைக் கண்ணாடி மாதிரி இழைப்பது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். ஆகையால் அவர் சொல்வது எங்கள் வீட்டில் கோர்ட்டுத் தீர்ப்பு. டவுன்ஷிப்பில் மாடல் கிளப் ஒன்று இருந்தது. ரயில் என்ஜின், பாலம், கட்டடம் என்று எதையாவது அளவு குறைத்து அச்சு அசலாகச் செய்வதுதான் அங்கே வேலை. மாமா அதில் உறுப்பினர்.

ஒரு வருஷம் கிளப்பில் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, நம் ஊர்க் கட்டடங்கள். விதி ஒன்றுதான்: உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். மாமாவுக்குப் பிள்ளை இல்லை, அவர் கணக்கில் நான் சேர்ந்தேன். முதல் பரிசு ஒரு சிவப்புத் தகரப் பெட்டி. உள்ளே அரம், சின்ன ரம்பம், சுத்தியல், உளி, அளவெடுக்கிற கருவி எல்லாம் தனித்தனிக் குழியில் படுத்திருக்கும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய்க் காட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை நான் எதை வெட்டினாலும் அம்மாவின் அரிவாள்மனையில்தான் வெட்டினேன், எதைத் தேய்த்தாலும் அப்பா ட்யூப் சுரண்டுகிற தகட்டில்தான் தேய்த்தேன். அந்தப் பெட்டி மட்டும் வந்துவிட்டால் பிறகு யாரும் என்னைப் பஞ்சர் கடைப் பையன் என்று கூப்பிட முடியாது என்று நினைத்தேன்.

நான் மொட்டைக் கோபுரத்தைச் செய்தேன். வேறு எதைச் செய்வேன்? தினம் பார்த்தது அதைத்தான். சணல் கயிறு பிடித்துச் சுற்றளவு எடுத்தேன். மேலே ஏறவிட மாட்டார்கள், அதனால் கல் வரிசையை எண்ணி உயரத்தைக் கணக்குப் போட்டேன். ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம். பழக்கடையில் கேட்டு வாங்கிய கள்ளிப்பெட்டிப் பலகையில் உடம்பைக் கட்டினேன். அப்புறம் வந்தது என் மூளை. காவேரி மணலை அப்பாவின் பழைய வேட்டியில் சலித்து, மாவு மாதிரி விழுந்ததை மட்டும் எடுத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசி அதன் மேல் தூவினேன். காய்ந்ததும் தேய்த்தேன். மறுபடி தூவினேன், மறுபடி தேய்த்தேன். கையை வைத்தால் கல் மாதிரியே வழவழவென்று, சில்லென்று இருக்கும். அந்த வயதில் அதை யார் செய்வார்கள்? உச்சியில் துடைப்பத்திலிருந்து புல் வைத்தேன். அரசங்கன்றுக்குச் செப்புக் கம்பியில் தண்டு, பச்சைக் காகிதத்தில் இலை. ஒவ்வோர் இலைக்கும் வால் உண்டு.

போட்டி அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு மாமாவோடு டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கோபுரத்துக்கு டிக்கெட் எடுத்தியா?" என்றார். மாமா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்கு அதுதான் கடைசி.

நடுவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் என்ஜினீயர்கள். மூன்றாவது நடுவராக வர வேண்டியவருக்குக் காய்ச்சல், ஆகவே கடைசி நேரத்தில் மாமாவை உட்காரச் சொன்னார்கள். வேலைப்பாடு தெரிந்தவர், நேர்மையான ஆள் என்று பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேஜைப் பையனிடம், அவனுக்குப் பக்கத்துப் பையனிடம், தண்ணீர் கொண்டுவந்த ஆளிடம் எல்லாம், "ஜட்ஜு எங்க மாமாதான்" என்று சொன்னேன். சொன்னதில் என்ன தப்பு? மாமாவை மாமா என்றுதான் சொல்ல முடியும்.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் காதில் அது விழுந்தது. மாமாவோடு வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் மாமாவைப் பார்த்து, "அப்புறம் என்னண்ணே, மருமகனுக்குப் பெட்டியைக் கட்டி வச்சிரலாமா?" என்றார். மற்றவர், "பெட்டி எதுக்கு, பொண்ணு இருந்தா பொண்ணையே குடுத்திருப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது வாழ்த்து மாதிரி கேட்டது. மாமா மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நடுவர்கள் மேஜை மேஜையாக வந்தார்கள். என் மேஜைக்கு வந்ததும் பெரிய என்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"என்ன தம்பி, பாதியில நிக்குதே?"

"அதுவே பாதியிலதாங்க சார் நிக்குது."

"மீதியை எப்பக் கட்டப் போறே?"

"ராஜாவே கட்டலைங்களே சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விரலால் சுவரைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். இன்னொரு என்ஜினீயரைக் கூப்பிட்டு, "இங்க கை வச்சுப் பாருங்க" என்றார். அவரும் தடவினார். மாமா தடவவில்லை. முந்தின வாரம் எங்கள் வீட்டில், யாரும் இல்லாதபோது, அதே சுவரை அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் என் கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார்.

ஒளிவு மறைவு இருக்கக் கூடாது என்று, ஒவ்வொரு நடுவரும் போட்ட மார்க்கை மைக்கில் படிப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். நல்ல வழக்கம்தான். அளவு, வேலைப்பாடு, ஃபினிஷ் என்று மூன்று தலைப்பு. மூன்றாவது மட்டும் இங்கிலீஷில். தொழிற்சாலைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு என்ஜினீயர்களும் எனக்கு மூன்றிலும் அள்ளிப் போட்டிருந்தார்கள். கூட்டம் கை தட்டியது. அடுத்து மாமாவின் மார்க். அளவு, சுமார். வேலைப்பாடு, சுமார். மைக்கில் படித்த அன்றைய செயலாளர் கொஞ்சம் நிறுத்தினார். தாளைக் கண்ணருகில் கொண்டுபோனார். "ஃபினிஷ், பூஜ்யம்" என்று படித்தார்.

யாரோ விசில் அடித்தார்கள். வாசலில் கேலி செய்த அந்த இரண்டு பேரில் ஒருவர், "அண்ணன்னா அண்ணன்தான்யா, சொந்த மருமகனுக்கே பூஜ்யம் போட்டாரு பாரு" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிட அது பலமாக இருந்தது. மாமா கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு ஓர் அதிகாரியின் மகனுக்குப் போனது. அவன் செய்ததும் எங்கள் கோபுரம்தான். ஆனால் பதின்மூன்று நிலை, பச்சை, மஞ்சள், சிவப்பு வர்ணம், மேலே தங்கக் காகிதத்தில் கலசம். அப்படி ஒரு கோபுரம் அன்றைக்கு உலகத்தில் எங்கேயும் கிடையாது. இல்லாத கோபுரத்துக்கு எங்கே போய் அளவு எடுத்தானோ தெரியாது. உள்ளது உள்ளபடி என்று விதியைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, அதன் கீழேயே அவனை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. அவன் நல்ல பையன். சிவப்புப் பெட்டியின் கொக்கியைத் திறக்கத் தெரியாமல் என்னிடம்தான் கொண்டுவந்தான். நான்தான் திறந்து கொடுத்தேன். அரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அதன் குழியிலேயே வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடி காலியாக இருந்தது. கோபுரத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெருங்கியது. அப்போதுதான் கேட்டேன்.

"மாமா, ஃபினிஷ்னா என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "முடிக்கிறது. வேலையை முடிச்சிருக்கணும். நீ முடிக்கலை."

நான் நம்பினேன். இங்கிலீஷ் தெரிந்த மாமா, மாதச் சம்பளம் வாங்குகிற மாமா, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த இரண்டு என்ஜினீயர்களும் முடிக்காத வேலைக்கு இரக்கப்பட்டு மார்க் போட்டிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். வீட்டில் அப்பா, "உங்கண்ணன் நல்லாத்தான் நியாயம் பண்ணியிருக்காரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அம்மா என்னிடம், "மாமா எது செஞ்சாலும் உன் நல்லதுக்குத்தான்டா" என்றாள். மறுநாள் காலையில் கடைக்குப் போகையில் மொட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த கோபுரம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குக் குறையாகத் தெரிந்தது. அதை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எட்டாவதில் தவறியதும் பாலக்கரையில் ஒரு கிரில் பட்டறையில் சேர்ந்தேன். முதன்முதலாக ஒரு ஜன்னல் கிரில்லை நானே வெல்டு வைத்து முடித்தேன். மேஸ்திரி வந்து கட்டை விரலால் வெல்டைத் தடவினார்.

"வேலை முடிஞ்சிருச்சு, சரி. ஃபினிஷ் எங்கடா?"

"முடிஞ்சாலே ஃபினிஷ்தானேண்ணே?"

பட்டறையே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வெல்டு மேல் வைத்துத் தேய்த்தார். சொரசொரவென்று இருந்தது. "இது முடிஞ்ச வேலை." பிறகு தன் பக்கத்தில் அரம் போட்டு வைத்திருந்த வேறொரு கம்பியில் வைத்துத் தேய்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. "இதுதான்டா ஃபினிஷ்."

என் விரலுக்கு அந்த வழவழப்பு புதிதில்லை. சலித்த மணலைத் தூவித் தேய்த்துத் தூவித் தேய்த்து நான் கொண்டுவந்தது அதுதான். அந்த என்ஜினீயர்கள் தடவித் தடவிப் பார்த்ததும் அதைத்தான். மாமாவோ கிரைண்டர். காலையில் போய்ச் சாயங்காலம் வரை அவர் இரும்பில் கொண்டுவந்ததே அந்த ஃபினிஷ்தான். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான். அந்த வார்த்தையை வைத்துத்தான் அவர் என்னை வெட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். இலையில் உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"ஃபினிஷ்னா என்ன மாமா?"

அவர் பிசைந்த சோற்றை எடுக்கவில்லை. அம்மா ரசச் சட்டியோடு நின்றாள்.

"யார் சொன்னா?" என்றார்.

"மேஸ்திரி."

பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "உனக்குப் பெட்டி வந்திருந்தா மாமன் வாங்கிக் குடுத்தான்னு சொல்லுவாங்கடா. உன் வேலையை ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான்" என்றார்.

"இப்ப மட்டும் யார் பார்த்தா மாமா? உங்களைத்தான் பார்த்தாங்க. உங்களுக்குத்தான் கை தட்டினாங்க."

அம்மா, "பெரியவங்ககிட்டப் பேசற பேச்சாடா இது" என்றாள். மாமா இலையை மூடிவிட்டு எழுந்தார். "போயிட்டு வரேன்மா" என்று அவளிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், காது குத்து எதிலாவது பார்ப்போம். அவர் நலம் விசாரிப்பார். நான் தலையாட்டுவேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது.

அந்தப் பூஜ்யம்தான் என்னை வளர்த்தது, அந்த ரோஷத்தில்தான் எதையும் பாதியில் விடாத ஆளாக ஆனேன் என்று என் வீட்டிலேயே பேசுகிறார்கள். தப்பு. நான் வளர்ந்தது என் கையால். பெட்டியைக் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் வளர்ந்திருப்பேன்.

இத்தோடு விட்டிருப்பேன். போன மாதம் கோப்பை வைக்கிற மேடையின் அளவு பார்க்கக் கிளப்புக்குப் போனேன். அந்தப் போட்டிக்குப் பிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை. ஹாலின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பதின்மூன்று நிலையோடு ராஜகோபுரம். நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நிலையும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தேன். காவேரி மணல். என் அப்பாவின் வேட்டியில் சலித்த மணல். வாசலின் இடப்பக்க மூலையில் அரிவாள்மனை வழுக்கி ஒரு கீறல் விழுந்திருக்கும், அதுவும் இருந்தது. பலகையில், "கிளப் உறுப்பினர்களின் கூட்டு முயற்சி" என்று எழுதியிருந்தது.

செயலாளர்ப் பெண்ணைக் கேட்டேன். "அது ரொம்பப் பழசுங்க ஐயா. நிஜக் கோபுரத்தைக் கட்டி முடிச்சுக் கும்பாபிஷேகம் பண்ணினாங்களே, அந்தச் சமயம் கிரைண்டர் ஒருத்தர் ஸ்டோர்ல கிடந்த மொட்டைக் கோபுரத்தை எடுத்து, மேல் நிலையெல்லாம் அவரே செஞ்சு வச்சாராம். யார் பேரும் போட வேண்டாம்னு சொல்லிட்டாராம். எவ்வளவு பெரிய மனசு பாருங்க."

பெரிய மனசு. தன் பெயரை வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கு உரிமை உண்டு. என் பெயரை வேண்டாம் என்று சொல்ல யார் உரிமை கொடுத்தது? என் அரசங்கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து ராத்திரி பகலாக நிலை நிலையாக அடுக்கியிருக்கிறார். நான் முடிக்கவில்லை என்று சொன்ன வேலையை அவர் முடித்து வைக்கிறாராம். அது எனக்குச் செய்த பரிகாரமா, இல்லை தான் போட்ட பூஜ்யம் சரிதான் என்று காட்டவா, எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. கண்ணாடி மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். தடவிப் பார்க்க முடியவில்லை. பூட்டியிருந்தது.

அன்றைய அந்தப் பஞ்சர் கடைப் பையனுக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை தெரியாது என்பது பெரிய விஷயமில்லை. இன்னொன்றும் அவனுக்குத் தெரியவில்லை. நேர்மையான ஆள் என்று ஊரில் பெயர் எடுக்க ஆசைப்படுகிறவன், அதற்கான விலையைத் தன் பையிலிருந்து கொடுக்க மாட்டான். பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பான். வாசலில் டீ குடித்தவர்கள் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்த அந்தப் பையனுக்கு, தன் பை அப்போதே காலியாகிவிட்டது என்பது தெரியவில்லை.

ஆகையால் கிளப்புக்கு நான் சொல்வது இதுதான். நடுவராக உட்காருகிறவரின் சொந்தக்காரப் பிள்ளை போட்டியில் இருந்தால் அவர் எழுந்து வெளியே போகட்டும், டீயை முழுசாகக் குடித்துவிட்டு வரட்டும். அதிகமாகப் போடுவது மட்டும் அநியாயம் இல்லை, குறைத்துப் போடுவதும் அநியாயம்தான். இதை விதியாக எழுதுங்கள். எழுதினால்தான் கோப்பை வரும்.

இரண்டாவது, அந்தப் பலகையை எடுங்கள். புதுப் பலகையை நானே பித்தளையில் செய்து கொண்டுவருகிறேன், ஃபினிஷ் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மேல் நிலைகளுக்கு மாமாவின் பெயரைப் போடுங்கள், அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. செய்தவர் அவர். ஆனால் அதற்கு முன்னால், முதல் வரியில், கல்வேலை முழுவதும் என் பெயரில் இருக்க வேண்டும். எந்தக் கோபுரமும் கீழேயிருந்துதான் எழும்பும்.